என் கையில் மூன்றும் ஒன்றுதான்

ஒரு பெரிய தவறைத் திருத்திவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். உங்கள் செல்போனில் ஓடுகிற அந்தக் கல்யாண வீடியோவில், மண்டபத்துக்கு மேலே ஒரு ட்ரோன் அசையாமல் நிற்கிறதே, அதை ஓர் ஆள் ஓட்டுகிறான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நீங்கள் மட்டுமல்ல, பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், அவனுக்கு இலை போட்ட சமையல்காரர் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஏன், அந்த ஆளே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். நாட்டில் எத்தனையோ மூடநம்பிக்கைகள் இருக்கின்றன. இதற்குச் சமமாக இன்னொன்றைச் சொல்ல என்னால் முடியவில்லை. சார், அதை யாரும் ஓட்டவில்லை. அவன் ரிமோட்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு, பந்திக்குப் போய்ப் பாயசம் குடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு வரலாம். அது அங்கேயேதான் நிற்கும்.

தலையாட்டாதீர்கள், பஞ்சு விழுந்துவிடும். ஊசி போட்டு வெளியே உட்காரவைத்திருக்கிறார்களா? மரத்துப்போகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எனக்குக் கடைவாய்ப் பல்லில் அடைத்தது பெயர்ந்துவிட்டது. சீடை. உங்களால் பேச முடியாதது எனக்கு வருத்தம்தான். ஆனால் இந்த விஷயத்தைக் குறுக்கே பேசாமல் கேட்கிற ஒருவரைப் பார்த்து வெகுநாளாயிற்று.

என் பெயர் வெங்கிடுபதி. எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவில் தராசு வைத்திருந்த எவனைக் கேட்டாலும் என்னைத் தெரியும். தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்தால் கடை வாசலிலேயே எனக்கு வாசனை வந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை. பொய் அளவு ஒன்று என் கண் முன்னால் இருந்து, நான் அதைப் பார்க்காமல் போனேன் என்பது சரித்திரத்திலேயே கிடையாது.

ஓய்வுக்குப் பிறகு மாதிரி விமானம் பறக்கவிட ஆரம்பித்தேன். தெர்மாகோலில் செய்தது, இரண்டு முழ அகலம், மூக்கில் ஒரு காற்றாடி. ட்ரோனைப் போல அந்தரத்தில் நிற்காது. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை மூடிக்கிடக்கிறது, அதன் பின்பக்க மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுகிறோம். நொய்யல் மாதிரி விமானக் கழகம். செயலாளர் அடியேன். இந்த டாக்டரம்மாவும் எங்கள் உறுப்பினர்தான். ஆமாம், இதோ உள்ளே உங்கள் பல்லுக்காகக் காத்திருக்கிற மெஹருன்னிசாவேதான். அதனால் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரிமோட்டின் மேல் மூலையில் ஒரு சுவிட்ச் இருக்கும். மூன்று நிலை. மேலே தள்ளினால், விமானம் உங்கள் கையை மட்டும்தான் கேட்கும். நீங்கள் தப்புச் செய்தால் அதுவும் தப்புச் செய்யும். நடுவில் வைத்தால், உள்ளே ஜைரோ என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அது காற்றின் உதைப்பை மட்டும் சமாளித்துக் கொடுக்கும். கீழே தள்ளினீர்களானால் அவ்வளவுதான், எல்லாவற்றையும் அந்தப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். ரொம்பச் சாய விடாது. நீங்கள் பயந்துபோய்க் கையை எடுத்தால் தானே நிமிர்ந்து நேராகப் பறக்கும். உங்கள் கல்யாண ட்ரோன் இந்த ஜாதிதான்.

இவற்றுக்கு நான் தமிழில் பெயர் வைத்தேன். தன்கை, துணைக்கை, தாய்க்கை. பலகையில் எழுதி மைதானத்தில் நட்டேன். ஒருவரும் சொல்வதில்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு என்கிறார்கள், லாரி கியர் மாதிரி.

நான் தன்கை ஆள். முதல் நாளிலிருந்தே தன்கை. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு போகிறவனை ஓட்டக்காரன் என்று எழுத முடியுமா? தொடக்கத்தில் சில இழப்புகள் இருந்தன, மறைக்கவில்லை. ஒன்று தென்னந்தோப்பில் போயிற்று. ஒன்று ஆலையின் புகைபோக்கியில். இன்னொன்று பக்கத்துச் சாலையில் போன பால் வண்டிக்குள் இறங்கி, அதன்பிறகு அதைக் காணவில்லை. நான் கொண்டுவருகிற துண்டுகளை என் மனைவி சுலோசனா வீட்டில் அரிசிச் சாக்கில் போட்டு வைப்பாள். ஒவ்வொரு தடவையும் நான் வீட்டுக்கு வந்து மனத்தை ஆற்றிக்கொள்ள, வாசலில் வருகிற காய்கறித் தராசுகளைச் சோதனை செய்வேன். பழக்கம். கீரைக்காரி எங்கள் தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டாள். அவள் தராசில் என்ன இருந்ததோ, மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? சுலோசனா மட்டும் கீரைக்காக உக்கடம் வரை பஸ்ஸில் போய்வந்து என்னை முறைப்பாள்.

பிறகு, ஓர் ஆடி மாதம், எனக்குப் பிடிபட்டுவிட்டது.

எப்படி என்று கேட்பீர்கள், கேட்க முடியாது, நானே சொல்கிறேன். டாக்டரம்மாவுக்குச் சின்னத் திருகாணிகள் முடுக்குவது கை வந்த வேலை. "உங்க விமானத்தையும் ரிமோட்டையும் கொடுங்க சார், ஒருதடவ செக் பண்ணித் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். உள்ளே ஏதோ சின்னப் பெட்டி பழசாகிவிட்டது, மாற்றியிருக்கிறேன் என்று அடுத்த ஞாயிறு கொடுத்தார். நான் அவ்வளவாகக் கேட்டுக்கொள்ளவில்லை. அதே வாரம் சுலோசனாவும் பல்வலி என்று இங்கே வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். ஒரு பல்லையும் தொடவில்லை. வலி தானாகப் போய்விட்டதாம். சில டாக்டர்களுக்கு அந்த ராசி உண்டு.

அந்த ஞாயிறு, நல்ல ஆடிக்காற்று. பாலக்காட்டுப் பக்கமிருந்து தள்ளுகிறது. மற்றவர்களெல்லாம் பறக்கவிடத் தயங்குகிறார்கள். நான் சுவிட்சை மேலே தள்ளினேன், தன்கை, எல்லோரும் பார்க்கத்தான், ஓடவிட்டேன். சார், வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போயிற்று. சாய்த்தேன், சாய்ந்தது. விட்டேன், நிமிர்ந்தது. காற்று அடித்தது, என் விமானம் அசரவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு கீறல் கிடையாது. பயிற்சி என்றால் அதுதான். நேற்றுவரை வராது, ஒருநாள் வந்துவிடும்.

இன்னொன்று சொல்கிறேன், நம்புவது உங்கள் இஷ்டம். மற்றவர்கள் சுவிட்சை மாற்றினால் விமானத்தின் குணமே மாறும். மூன்றில் பசு மாதிரி இருப்பது ஒன்றில் காளையாகிவிடும். எனக்கு அப்படியில்லை. மேலே வைத்தாலும், நடுவில் வைத்தாலும், கீழே வைத்தாலும் இம்மி மாறாது. டாக்டரம்மாவிடமே சொன்னேன். "என் கையில் மூன்றும் ஒன்றுதான் அம்மா." அவர் என் ரிமோட்டை வாங்கித் துடைத்துக் கொடுத்தார். பிறகு, "அது உங்க கை சார்" என்றார். அடக்கமான பெண்மணி. அவருக்கும் அது கைகூட வேண்டும் என்ற ஏக்கம் இருக்கத்தானே செய்யும்?

சிலர் ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடுகிறார்கள், தலைகீழாக ஓட்டுகிறார்கள். நான் செய்வதில்லை. சர்க்கஸ். உண்மையில் நான் ரிமோட்டின் குச்சியை முழுக்கச் சாய்த்துப் பிடித்தாலும் என் விமானம் ஓர் அளவுக்கு மேல் சாயாது. வளர்ப்பு அப்படி.

இந்த நிலையில்தான் நாச்சிமுத்து வந்து சேர்ந்தார்.

பல்லடத்தில் உரக்கடை வைத்திருந்தவர். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். என் வயதுதான் இருக்கும். ஆள் நல்ல உயரம், வெள்ளை வேட்டி, வாய் அதைவிட நீளம். கைதான் நடுங்கும். இரண்டு கையும், உள்ளங்கையில் குருவியைப் பிடித்து வைத்திருப்பது மாதிரி. ரிமோட்டைப் பிடித்தால் அதன் கம்பியே அதிரும். அந்தக் கையை வைத்துக்கொண்டு ஒரு சிவப்பு விமானத்தை வாங்கி, மூன்றாம் நிலையில் வைத்துப் பறக்கவிடுகிறார். என்னத்தைப் பறக்கவிடுவது? பறக்கிறதை அண்ணாந்து பார்க்கிறார். அவர் கை நடுங்க நடுங்க, மேலே அது கோடு கிழித்தாற்போல் போகிறது. எவ்வளவு பெரிய பொய் பாருங்கள்! கை ஒன்று சொல்கிறது, ஆகாயத்தில் ஒன்று நடக்கிறது. தராசு முள் நடுவில் நிற்கிறது, தட்டில் சரக்கு இல்லை. முப்பது வருஷம் இதைத்தானே நான் பிடித்துக்கொண்டிருந்தேன்?

"நாச்சிமுத்து சார், அது தாய்க்கை. அதில் பறப்பது பறப்பதாகாது" என்றேன்.

"தாய் கையில இருந்தா உங்களுக்கு ஏனுங்க எரியுது?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வாரமே விதி எழுதினேன். கழகத்தில் முழு உறுப்பினராக வேண்டுமானால் தன்கையில் பறக்கவிட்டு, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தரையில் போட்டிருக்கிற சுண்ணாம்புக் கோட்டுக்குள் இறக்கிக் காட்ட வேண்டும். முழு உறுப்பினரல்லாதவருக்கு ஆலை வாட்ச்மேன் கதவைத் திறக்க மாட்டார். இது எவரையும் குறிவைத்து எழுதியதல்ல. அப்போது உறுப்பினராகாமல் இருந்தவர் நாச்சிமுத்து ஒருவர்தான் என்பது தற்செயல்.

டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "சார், இந்த விதி வேணாமே. அவருக்கு நரம்புக் கோளாறு. நாளுக்கு நாள் கூடத்தான் செய்யும்."

"அம்மா, நரம்புக்காகக் கிலோவைக் குறைக்க முடியாது."

"அப்படி யாருக்குமே குறைச்சதில்லையா சார்?"

"நானா? ஒரு குன்றிமணி குறைத்திருக்க மாட்டேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதை.

சுலோசனாவும் வீட்டில் ஆரம்பித்தாள். "ஏங்க, பாவம், அந்தக் கவுண்டருக்கு வேற என்னங்க இருக்கு? விட்டுத் தொலைங்களேன்." நான் அவளுக்கு அளவு என்பது நாகரிகத்தின் அடிப்படை என்று விளக்கினேன். அரைகுறையாகக் கேட்டாள். புளியோதரை கிளற எழுந்து போய்விட்டாள்.

நாச்சிமுத்துவே ஒருநாள் வந்தார். மைதானத்து ஓரம், கருவேல நிழல். இந்தத் தடவை கேலி இல்லை.

"இன்ஸ்பெக்டரு, ஒண்ணு சொல்றனுங்க. என்ற பையன் கார் சாவிய எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டானுங்க. கடையில கையெழுத்துக்குப் பதிலா ரப்பர் ஸ்டாம்பு. மருமவ காப்பி குடுத்தா பாதித் தம்ளருதான் ஊத்துவா, சிந்திருவனாம். நல்ல புள்ளைங்கதான், கொறை சொல்லலீங்க. ஆனா, நான் ஒண்ணச் சொல்லி அது அப்படியே நடக்கற எடம் ஒலகத்துல இது ஒண்ணுதானுங்க. இந்த மூணாம் நம்பரு. இதையும் புடுங்கிப்போட்டா, நான் ஞாயித்துக்கெழம எங்க போவேன்?"

நான் நெகிழ்ந்துபோனேன் என்று சொல்ல வேண்டும். ஆனால் ஓர் இடத்தில் மனம் நின்றுவிட்டது. "பாதித் தம்ளர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது" என்றேன். "எத்தனை மில்லி?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். அது ஒன்றே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "செரிங்க. பரீச்ச வெய்யுங்க" என்று போய்விட்டார்.

பரீட்சை நாள். கழகம் முழுக்க வந்துவிட்டது. சுலோசனா ஃபிளாஸ்க்கில் டீயும் தூக்கில் புளியோதரையும் கொண்டுவந்தாள். மற்ற நாளில் மைதானத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவள். காற்று மிதமாகத்தான் இருந்தது. நான் விதியை உரக்கப் படித்தேன். நாச்சிமுத்து சிவப்பு விமானத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

படித்து முடித்ததும் எழுந்தார். "ஒரு சந்தேகமுங்க. கடைக்காரன் படி செரியா தப்பான்னு பாக்க, இன்ஸ்பெக்டரு கையில ஒரு படி வெச்சிருப்பாருல்ல? மொதல்ல அத ஊத்திக் காட்டுவாருல்ல? அது மாதிரி, ஒண்ணாம் நம்பருல பறக்கறது எப்படின்னு நீங்க மொதல்ல காட்டுங்க. என்ற விமானத்துல காட்டுங்க. உங்குளுதுன்னா உங்க கைக்குப் பழகினதும்பாங்க."

நியாயமான கோரிக்கை. நான் கை நீட்டினேன். அப்போது பார்க்க வேண்டும், டாக்டரம்மா முகம் வெளுத்துவிட்டது. "சார், வேணாம். உங்க விமானத்துலயே காட்டுங்க. காத்து அதிகமா இருக்கு."

"எங்கே காற்று?"

"வரும் சார்."

சுலோசனா டீயை ஊற்றியபடியே, "ஏங்க, இத பாருங்க, மொதல்ல ஒரு வாய் சாப்பிட்டுருங்க" என்றாள். பரீட்சை வேளையில் புளியோதரை! இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் என் திறமையைச் சந்தேகித்தது அன்றுதான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சிவப்பு விமானத்தின் ரிமோட்டை வாங்கி, சுவிட்சை எல்லோரும் பார்க்க மேலே தள்ளினேன்.

கிளம்பியது. கிளம்பும்போதே அதில் ஏதோ கோளாறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் விமானம் தொட்டுச் சொன்னால் கேட்கும். இது தொடாமலே தள்ளாடியது. திருப்பத்துக்காகக் குச்சியை எப்போதும்போலச் சாய்த்துப் பிடித்தேன். சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போயிற்று. ஓர் அளவில் நிற்க வேண்டாமா? நிற்கவில்லை. முதுகு கீழே வந்துவிட்டது. சரி என்று குச்சியை விட்டேன். விட்டால் நிமிர வேண்டும். அதுதானே விமானம்? நிமிரவில்லை, சார்! அப்படியே தலைகீழாக, ஒரு பிடிவாதத்தோடு, ஆலையின் பழைய எடைமேடையில் போய் விழுந்தது. லாரிகளை நிறுத்தி எடை பார்ப்பார்களே, அது. பணியிலிருந்தபோது அதற்கு வருஷா வருஷம் முத்திரை போட்டவன் நான்.

நாச்சிமுத்து நடந்து போனார். வேகமாக நடக்க அவரால் முடியாது. ஒடிந்த இறக்கையைத் தூக்கினார், அது அவர் கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. "போச்சா?" என்றார், விமானத்தைப் பார்த்து.

இந்த இடத்தில் வேறொருவனாக இருந்தால் காற்று, வெயில், கண் கூசியது என்று சாக்குச் சொல்லியிருப்பான். நான் விசாரணை நடத்தினேன்.

இடது இறக்கைதான் ஒடிந்திருந்தது. வலது இறக்கையும் உள்ளே இருந்த பெட்டியும் உயிரோடுதான் இருந்தன. மேஜை போடச் சொன்னேன். என் விமானத்தைப் பக்கத்தில் வைத்தேன். ஒப்பு நோக்காமல் எந்தச் சோதனையும் சோதனையல்ல. எல்லோரையும் சுற்றி நிற்க வைத்துச் செய்து காட்டினேன்.

"பாருங்கள். இது என்னுடையது. சுவிட்ச் ஒன்றில் இருக்கிறது. ரிமோட்டைத் தொடவில்லை. விமானத்தைக் கையால் சாய்க்கிறேன். இறக்கை ஓரத்து மடல் தானே அசைகிறதா? அசைகிறது. இரண்டில் வைக்கிறேன், அசைகிறது. மூன்றிலும் அசைகிறது. ஆரோக்கியமான விமானம். இப்போது இவருடையதைப் பாருங்கள். மூன்றில், அசைகிறது. இரண்டில், அசைகிறது. ஒன்றில்?" சாய்த்தேன். மடல் செத்த மீன் மாதிரிக் கிடந்தது. "அசையவில்லை! இதுதான் காரணம். இவர் விமானத்தில் ஒன்றாம் நிலை வேலை செய்யவில்லை."

சுந்தராபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிற உறுப்பினர் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "இல்ல சார், ஒண்ணுல ஜைரோ ஆஃப்ல இருக்கும். அப்ப அது அசையக் கூடாது. அசஞ்சாத்தானே..."

"நீங்க வாய மூடுங்க" என்றார் டாக்டரம்மா.

ஊரையெல்லாம் வாயைத் திற, வாயைத் திற என்கிறவர், அவரை மட்டும் மூடச் சொன்னார். அறிவியல் மனம் உள்ளவர்களுக்கு, குறுக்கே பேசுகிறவர்கள் மீது கோபம் வருவது இயல்பு.

நாச்சிமுத்து என் விமானத்தைப் பார்த்தார். தானே ஒருமுறை வாங்கிச் சாய்த்தார், மடல் அசைந்தது. சுவிட்சைப் பார்த்தார். டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுலோசனாவைப் பார்த்தார். அவள் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தாள், அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. அவருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. கண்ணில் நீர் வரும்வரை இருமினார், தோள் குலுங்கியது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தன் விமானம் பழுது என்று நாலு பேர் முன்னால் நிரூபணமானால் யாருக்கும் அடக்க முடியாதுதான்.

துண்டை எடுத்ததும், "செரிங்க இன்ஸ்பெக்டரு" என்றார். "என்றதுதான் கோளாறு. ஒத்துக்கறனுங்க. ஆனா பரீச்ச நின்னுபோச்சுங்களே. உங்க ஆரோக்கியமான விமானத்தக் குடுங்க, ஒண்ணாம் நம்பருலயே ஓட்டிப் பாக்கறன். விழுந்துச்சுன்னா புதுசு வாங்கித் தந்துட்டு, இந்தப் பக்கம் தலவெச்சுப் படுக்க மாட்டேன்."

என் விமானத்தையா? அந்தக் கையிலா? சுலோசனா, "குடுங்க" என்றாள். டாக்டரம்மா, "குடுங்க சார்" என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தடுத்த அதே இரண்டு பேர். சரி, சற்றுமுன் நானே அவருடையதை வாங்கி ஓட்டியிருக்கிறேன், மறுத்தால் முறையாகாது. கொடுத்தேன். சுவிட்சை நானே மேலே தள்ளி, விரலால் தட்டிச் சரிபார்த்தேன். தன்கை. சந்தேகமே இல்லை.

ரிமோட் அவர் கையில் சலங்கை மாதிரி ஆடியது. விமானம் ஓடியது, எழும்பியது. சார், நான் பார்த்ததைச் சொல்கிறேன். கோடு கிழித்தாற்போல் போயிற்று. புகைபோக்கிக்கு அந்தப் பக்கம் போய், மைதானத்தை ஒரு சுற்று வந்தது. காற்று ஒரு தடவை வந்து மோதியது, இறக்கையை லேசாகத் தூக்கி, அதுவே சரிசெய்துகொண்டது. "இன்னொரு சுத்து வரட்டுங்களா?" என்று கேட்டார். விதியில் ஒரு சுற்றுத்தான். "வாங்க, வாங்க" என்றார் டாக்டரம்மா. இன்னொரு சுற்று வந்தார். முகத்தை அண்ணாந்து வைத்திருந்தார், வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கோட்டுக்குள் கொண்டுவந்து கோழி இறகு மாதிரி இறக்கினார்.

கைதட்டல். சுலோசனாதான் முதலில் தட்டினாள். எனக்குக்கூட இரண்டு தடவைதான் தட்டியிருக்கிறாள், கல்யாணத்துக்கு முன்னால் ஒன்று.

நான் யோசித்தேன். அளவு அளவுதான். தன்கையில் ஒரு சுற்று, கோட்டுக்குள் இறக்கம். தேறிவிட்டார். உறுப்பினர் அட்டையில் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் காரணம் தெரியாமல் ஒரு முடிவை ஏற்பது என் வழக்கமல்ல. நடுங்குகிற கைக்கு எப்படி இது சாத்தியம்? வீட்டுக்குப் போகிற வழியில் பிடிபட்டுவிட்டது. இத்தனை நாளும் என் கையிலேயே ஓடி ஓடி, அந்த விமானத்துக்கு ஒழுங்கு படிந்துவிட்டது. பழகிய மாடு, வண்டியில் யார் உட்கார்ந்திருந்தாலும் வீடு வந்து சேரவில்லையா? சுலோசனாவிடம் சொன்னேன். "ஆமாங்க, இருக்கும்" என்றாள். அன்று ராத்திரி முழுக்க அவளுக்கும் இருமல்.

அடுத்த பொதுக்குழுவில் டாக்டரம்மா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். விமானத்துக்கு விமானம் கோளாறு இருப்பதால், பரீட்சை இனி ஒரே விமானத்தில்தான் நடக்க வேண்டும்; அது செயலாளரின் விமானமாக இருக்க வேண்டும்; அதுவே கழகத்தின் தர அளவு. உள்ளே இருப்பதை எவரும் திறக்கக் கூடாது. நாச்சிமுத்து எழுந்து வழிமொழிந்தார். "இன்ஸ்பெக்டரே முத்திர போட்டுக் குடுக்கணுமுங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பணி ஓய்வு நாளில்கூட யாரும் எனக்கு இவ்வளவு செய்யவில்லை. வயிற்றுப் பக்கத்து மூடியில் கம்பி கோத்து, ஈய முத்திரை அழுத்திக் கொடுத்தேன். டாக்டரம்மா இங்கே தன் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்.

துறையில் ஒரு விதி உண்டு. தர எடையை வைத்து யாரும் வியாபாரம் செய்யக் கூடாது, தேய்ந்துவிடும். எனவே அதை நான் பறக்கவிடுவதில்லை. வேறொன்று வாங்கலாமென்றால் சுலோசனா கேட்டாள், எடையளவு ஆய்வாளரே மளிகைக்கடை வைத்தால் அழகா என்று. சரியான கேள்வி. என்னோடு இத்தனை வருஷம் இருந்ததில் அவளுக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். மரத்துவிட்டதா? போங்கள். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பரீட்சையில் இதுவரை ஒருவரும் தோற்கவில்லை. நாச்சிமுத்து புதுசாக இன்னொரு சிவப்பு விமானம் வாங்கிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வருகிறார். பறக்கவிடுகிறவர்கள் மட்டும்தான் கோட்டுக்கு உள்ளே நிற்கலாம். எனக்கு ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அதைக் கோட்டுக்கு வெளியே போடுகிறார்கள்.